மிருதங்கத்தின் மேல் மணல் தூவியவர்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நம்ம டூர் பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்தாவது வளைவுக்குள்ளேயே பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மீதிப் பேர் கடைசி சீட்டில் உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைசி சீட்டில்தான் நம்ம மெக்கானிக்கல் நண்பனும் அவனுடைய எலெக்ட்ரிக் கிடாரும், ஒரு சின்ன இரும்புப் பெட்டியும்.

அன்று ராத்திரி லாட்ஜில் அந்தப் பெட்டியை ப்ளக்கில் மாட்டி கிடாரை வாசித்தான் பாருங்க, எல்லோரும் அசந்துபோனோம். ஒரு பட்டனை அழுத்தினால் 1950-களின் அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப். இன்னொரு பட்டனை அழுத்தினால் 1960-களின் லண்டன் மார்ஷல் ஆம்ப். உள்ளே ஒரு வால்வு கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. சாப்பாட்டு டப்பா சைஸ் பெட்டிக்குள்ளே, ரெண்டு பேர் தூக்க வேண்டிய பழைய ஆம்ப் எப்படி உட்கார்ந்தது?

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் கேட்டார்கள். நான் பேந்தப் பேந்த முழித்தேன். அந்த முழியின் விளைவுதான் இந்தக் கட்டுரை. பதிலைத் தேடிப் போன நான், கடைசியில் போய் நின்றது ஒரு கிடார்காரர் வாசலில் அல்ல. நம்ம திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் வாசலில்!

நோபல் பரிசு, ராமன் விளைவு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். நமக்குத் தெரிந்த ராமன் இவ்வளவுதான். ஆனால் ஒளியைப் பிடிப்பதற்கு முன்னால் பல வருஷம் அவர் பிடித்தது ஒலியை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

குகைக்குள் ஒரு மணி

முதலில் நண்பனின் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவோம்.

மறுநாள் காலை சேர்வராயன் கோயிலுக்குப் போனோமே, அங்கேயே பாதி விடை இருந்தது. மலை உச்சியில், ஒரு குகைக்குள்ளே சாமி. குனிந்து உள்ளே போக வேண்டும். அங்கே அடிக்கிற மணியின் சத்தம் ஒரு மாதிரி. அதே மணியை வெளியே வெட்டவெளியில் அடித்தால் வேறு மாதிரி. மணி மாறவில்லை. குகைதான் தன் பங்குக்கு அந்தச் சத்தத்தை மாற்றி அனுப்புகிறது. குகைக்குள் படீரென்று ஒரு சின்ன ஒலியை எழுப்பி, திரும்பி வருவதை மைக்கில் பதிந்துகொண்டால், அந்தக் குகையின் குணமே கையில் கிடைத்துவிடும். அப்புறம் எந்தச் சத்தத்தையும் கணக்குப் போட்டு அந்தக் குகைக்குள் ஒலித்த மாதிரி செய்துவிடலாம். இதற்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். பழைய ஸ்பீக்கர் பெட்டிகளின் குணத்தை இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

ஆனால் வால்வு ஆம்ப் இதற்கு மசியாது. ஏன்? குகை நேர்க்கோட்டுப் பேர்வழி. ரெண்டு மடங்கு சத்தம் கொடுத்தால் ரெண்டு மடங்கு திருப்பித் தரும். வால்வு அப்படியல்ல. மெதுவாக வாசித்தால் சமர்த்து. ஓங்கி வாசித்தால் அலையின் தலையைச் சீவிவிடும். அந்தச் சீவலில்தான் புதுப்புது மேற்சுரங்கள் பிறக்கின்றன. ராக் கிடாரின் கரகரப்பே அதுதான். ஆகவே ஆம்பைப் பிடிக்க, மெல்லிசிலிருந்து பலத்தது வரை பல அளவில் சோதனை ஒலிகளை உள்ளே அனுப்பி, வெளியே வருவதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2011-ல் வந்த ஜெர்மனியின் கெம்பர் ப்ரொஃபைலர் இந்த வழியைப் பிரபலமாக்கியது. இப்போது நியூரல் நெட்வொர்க்கும் சேர்ந்துகொண்டது. உண்மையான ஆம்புக்கும் தன் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் குறையும் வரை அது தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்.

இது ஒரு வழி. இதில் ஒரு குறை. பிடித்த நேரத்தில் ஆம்பின் குமிழ்கள் எந்த இடத்தில் இருந்தனவோ, அந்த நிலைதான் கிடைக்கும். ஒரு போட்டோ மாதிரி. குமிழைத் திருகினால் போட்டோ திரும்பாது!

இன்னொரு வழி, ஆம்பின் ஒவ்வொரு வால்வும் கெபாசிட்டரும் ட்ரான்ஸ்ஃபார்மரும் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு, அந்த வேலையையே கணக்காக எழுதுவது. 1998-ல் வந்த லைன் 6 பாட் போன்ற ஆரம்பகாலப் பெட்டிகள் இந்தப் பாதையில் நடந்தவை. இது கஷ்டம். ஆனால் குமிழைத் திருகினால் சத்தமும் சேர்ந்து திரும்பும். ஏனென்றால் நம்மிடம் இருப்பது சத்தத்தின் நகல் அல்ல, சத்தம் பிறக்கிற முறை.

சத்தம் பிறக்கிற முறையைக் கண்டுபிடி. கம்ப்யூட்டரும் டேப் ரெக்கார்டரும் இல்லாத காலத்தில் ராமன் செய்தது இதைத்தான்.

கணக்கு ஆபீஸர், ராத்திரி விஞ்ஞானி

1888 நவம்பர் 7-ல் பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர், வயலின் வாசிப்பவர். ஆக வீட்டில் இயற்பியலும் இருந்தது, வயலினும் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. மாணவனாக இருந்தபோதே, 1906-ல், லண்டனிலிருந்து வெளிவந்த ஃபிலசாஃபிகல் மேகசினில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 18. (நாம் 18 வயதில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற ஆராய்ச்சி வேண்டாம். அரியர் எண்ணிக்கை வெளியே வந்துவிடும்!)

அந்தக் காலத்தில் விஞ்ஞானம் சோறு போடாது. 1907-ல் நிதித் துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்று, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகப் போனார். அதே வருஷம் லோகசுந்தரி அம்மாளுடன் கல்யாணம். அந்த அம்மாள் வீணை வாசிப்பார். அப்பா வீட்டில் வயலின், சொந்த வீட்டில் வீணை!

கல்கத்தாவில் பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை. ராமன் உள்ளே நுழைந்தார். காலையில் ஆபீஸுக்கு முன்னால் கழகம். பகலெல்லாம் அரசாங்கக் கணக்கு. சாயந்திரம் மறுபடி கழகம், ராத்திரி வரை. நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. இப்படியே பத்து வருஷம்.

அங்கே அவருக்குக் கிடைத்த துணை ஆசுதோஷ் தே. எல்லோருக்கும் ஆஷு பாபு. காலேஜ் படியேறாத உதவியாளர். ஆனால் கைவேலையில் கில்லாடி. ராமனின் சோதனைக் கருவிகளுக்குப் பின்னால் இருந்தவை இவருடைய கைகள். அந்த ஆஷு பாபுவின் பெயரில், ராமனின் முன்னுரையோடு, லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழிலேயே கட்டுரை வந்தது. டிப்ளமோதானே என்று நம்மை யாராவது ஏற இறங்கப் பார்த்தால், மனசுக்குள் ஆஷு பாபுவை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயலினை வாசித்த மெஷின்

வில் பட்டதும் தந்தி எப்படி ஆடுகிறது? ஜெர்மானிய மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பதில் சொல்லியிருந்தார். தந்தி வளைந்து வளைந்து ஆடவில்லை. அதில் ஒரு கூர்முனை உண்டாகி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. வில்லின் ரோமம் தந்தியைப் பிடித்து இழுக்கும், சட்டென்று நழுவவிடும், மறுபடி பிடிக்கும். ராமன் இதை மேலே கொண்டுபோனார். தந்தியின் வேகத்தில் ஏற்படும் திடீர் தாவல்கள் எத்தனை, அவை எப்படிப் போய் மோதித் திரும்புகின்றன என்று வரைபடம் போட்டே எல்லா வகை அதிர்வுகளையும் வரிசைப்படுத்தினார். 1918-ல் இது ஒரு தனி நூலாகவே வந்தது.

கொள்கை சொன்னால் போதுமா? சோதிக்க வேண்டாமா? ஆனால் மனிதன் வாசித்தால் ஒரு தடவை அழுத்தம் கூடும், ஒரு தடவை குறையும். ஒரே மாதிரி நூறு தடவை வாசிக்க எந்த வித்வானாலும் முடியாது. ராமன் ஒரு மெஷினைச் செய்தார். அதில் ஒரு வேடிக்கை. வில் நகராது, வயலின் நகரும்! தண்டவாளம் போன்ற பாதையில் மோட்டார் வயலினை முன்னும் பின்னும் இழுக்கும். வில் ஒரே இடத்தில் நிற்கும். வேகம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, வில் எந்த இடத்தில் படுகிறது என்று மூன்றையும் தனித்தனியாக மாற்றி அளக்கலாம். 1920-ல் முடிவுகளை வெளியிட்டார்.

என்ன தெரிந்தது? நல்ல நாதம் வர வேண்டுமானால் வில்லுக்குக் குறைந்தபட்ச அழுத்தம் ஒன்று வேண்டும். அது எல்லாச் சுரத்துக்கும் ஒன்றல்ல. வயலினின் மரக்கூடு எந்தச் சுரத்தில் தானும் சேர்ந்து அதிர்கிறதோ, அங்கே அதிக அழுத்தம் தேவை. ஏனென்றால் கூடு அந்த இடத்தில் தந்தியின் சக்தியை நிறைய உறிஞ்சுகிறது. ஆக, அழுத்தத்தை அளந்தே கூட்டின் குணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நண்பனின் பெட்டியைத் தயாரிப்பவர்கள் ஆம்புக்குள் சோதனை ஒலியை விட்டுப் பார்க்கிறார்களே, அதே புத்திதான். நூறு வருஷத்துக்கு முன்னால், மோட்டாரும் தராசு எடையும் வைத்துக்கொண்டு!

சோறும் மணலும்

இனி நம்ம ஊர் வாத்தியத்துக்கு வருவோம்.

வட்டமான தோலை இழுத்துக் கட்டி அடித்தால், அது எழுப்பும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அடிப்படைச் சுரத்தை 1 என்று வைத்தால் அடுத்தடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாக வரும். அதனால்தான் சாதாரண டிரம் டமார் என்று சத்தம் போடும், சுருதி பேசாது. ஆனால் மிருதங்கம் பேசுகிறதே!

ரகசியம் வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம். வித்வான்கள் சோறு என்பார்கள், கரணை என்பார்கள். கல்பொடியையும் உண்மையான சோற்றையும் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது. ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல் நேச்சர் இதழில் இந்த வாத்தியங்களின் சுரங்கள் ஒழுங்காக 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் வருவதை எழுதினார்கள். 1934-ல் ராமன் முழு ஆய்வையும் வெளியிட்டார். தோலின் மேல் நுண்மணலைத் தூவி அதிரவிட்டால், ஆடாத இடங்களில் மணல் ஒதுங்கிக் கோலம் போடும். வித்வான் விரல் வைக்கிற இடத்துக்குத் தகுந்தபடி கோலம் மாறும். அந்தக் கோலங்களைப் பார்த்துப் பார்த்து, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று காட்டினார். நடுவில் ஏற்றிய எடை, கோணல் சுரங்களை இழுத்து வரிசையில் நிற்க வைக்கிறது. பெயர் தெரியாத எத்தனையோ கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதை மட்டும் நம்பிச் செய்த இன்ஜினீயரிங் அது. ராமன் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. அதனிடம் பாடம் படித்தார்.

வீணையிலும் தம்புராவிலும் இன்னொரு அதிசயம். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாத மேற்சுரம் எழாது என்பது பழைய விதி. 1921-ல் ராமன் எழுதியது, நம்ம வாத்தியங்கள் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று. வராது என்று விதி சொன்ன சுரம் ஜம்மென்று ஒலிக்கிறது! காரணம், குதிரை. கிடாரில் தந்தி ஒரு கூர் விளிம்பில் உட்காரும். வீணையின் குதிரை மெல்லிய வளைவோடு அகலமானது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூல் வேறு. ஆடும்போது தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. ஒவ்வொரு தொடுதலும் புதிய மேற்சுரங்களைப் பிறப்பிக்கிறது.

யோசித்துப் பாருங்கள். வால்வு அலையின் தலையைச் சீவுகிறது. குதிரை தந்தியின் ஆட்டத்தைத் தடுக்கிறது. ரெண்டுமே நேர்க்கோட்டுக்குக் கட்டுப்படாதவை. எந்தக் கோளாறை வெள்ளைக்காரக் கிடார்காரர் காதலித்தாரோ, அதன் உறவுக்காரனை நம்ம முன்னோர்கள் ஒரு நூலிழையால் தம்புராவில் செய்து வைத்திருந்தார்கள்!

1927-ல் ஜெர்மனியின் பெரிய இயற்பியல் கலைக்களஞ்சியம் இசைக் கருவிகளைப் பற்றி எழுத ஆள் தேடியபோது, எழுதியது ராமன்தான்.

மலையளவு மனிதர், மனிதர்தான்

மீதிக் கதை பாடப்புத்தகத்தில் இருப்பது. 1917-ல் கொழுத்த சம்பளத்தை விட்டுக் குறைந்த சம்பளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல். 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர். 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ல் மறைந்தார்.

அவரிடம் குறையே இல்லையா? இருந்தது. பிடிவாதக்காரர். பெங்களூருவில் சண்டை முற்றி 1937-ல் இயக்குநர் பதவியை விட்டார். 1933-ல் கமலா பாக்வத் என்ற மாணவிக்கு, பெண் என்பதாலேயே முதலில் இடம் மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. நிபந்தனைகளோடு உள்ளே வந்து, படித்து ஜெயித்து, 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமே வாங்கினார். நம்ம தோழியர் கவனிக்க! பெரியவர்களைக் கும்பிடலாம். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டியதில்லை.

பெட்டிக்குள் ராமன்

ஆனால் அவர் ஒலியில் விதைத்தது வீண் போகவில்லை. 1980-களில் கம்ப்யூட்டரில் வாத்திய ஒலியைக் கணக்குப் போட்டுப் பிறப்பிக்கக் கிளம்பியவர்கள், தந்தியில் இங்கும் அங்கும் ஓடும் தாவல்கள் என்ற அதே படத்தைக் கையில் எடுத்தார்கள். வில் வாத்திய ஆய்வில் ராமன் மாதிரி என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1994-ல் யமஹா வெளியிட்ட விஎல்1 என்ற சிந்தசைசர், பதிந்த ஒலியைத் திருப்பிப் போடாமல், வாத்தியம் ஒலிக்கும் முறையையே கணக்காக வைத்து இசைத்தது. தம்புராவின் குதிரையையும் நூலையும் கம்ப்யூட்டரில் உருவாக்கும் ஆராய்ச்சியும் இப்போது நடக்கிறது. அதற்கெல்லாம் பிள்ளையார் சுழி 1921-ன் அந்தக் கட்டுரை.

கிடார் உலகத்திலும் ஒரு கதை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில், அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே பார்த்து ஒரு ஆம்ப் செய்தார்கள். ஆனால் உள்ளூரில் கிடைத்த ட்ரான்ஸ்ஃபார்மர், வேறு ஸ்பீக்கர். சத்தம் மாறிவிட்டது! புது வாத்தியமே பிறந்துவிட்டது. பார்த்து எழுதினால்கூட அச்சு அசலாக வராது, நண்பர்களே. எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால்தான் பழையதைக் காப்பாற்றலாம், புதியதையும் செய்யலாம். (பரீட்சை ஹாலுக்கும் இது பொருந்தும் என்று எங்கள் லெக்சரர் சொல்வார்.)

பழைய வால்வு ஆம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. அவற்றைப் பிடித்து வைக்க உலகமெங்கும் ஆள் இருக்கிறது. நம்ம பக்கத்து வாத்தியங்களுக்கு? மே மாதம் சேர்வராயன் திருவிழாவில் மலை கிராமத்து மக்கள் அடிக்கிற மேளத்தைப் போனில் வீடியோ எடுக்கிறோம். அது போட்டோதான். அந்தத் தோலைப் பதப்படுத்தவும் இழுத்துக் கட்டவும் தெரிந்த கைகள் ஓய்ந்துபோனால், வீடியோவை வைத்துக்கொண்டு இன்னொரு மேளம் செய்ய முடியுமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றதும் கடையில் ரெடிமேடாக வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுவதை விடுவோம். ஒரு மைக், ஒரு லேப்டாப், ஒரு பிடி மணல் போதும். மெக்கானிக்கல்காரன் அடிக்கிற கருவியைச் செய்யட்டும். எலெக்ட்ரானிக்ஸ்காரன் அளக்கட்டும். கம்ப்யூட்டர்காரி கணக்கெழுதட்டும். மேளம் செய்கிற பெரியவரிடம் உட்கார்ந்து, ஐயா, இதை ஏன் இப்படிக் கட்டுகிறீர்கள் என்று பணிவாகக் கேட்போம். ராமன் வாத்தியங்களிடம் கேட்டதும் அந்த ஏன் என்ற ஒரே கேள்விதான்.

அடுத்த டூர் ஏற்காட்டுக்கே போகலாம். கடைசி சீட்டில் கிடாரும் வரட்டும். கூடவே ஒரு பை மணலும் எடுத்து வாருங்கள்!

- மூன்றாமாண்டு மின்னணுவியல் மாணவன்